சேலையில் ஊர்ந்த அலை

பழைய சிற்றிதழ்களின் அட்டைகளை ஸ்கேன் செய்து சேமிக்கும் பணியில் ஈடுபட்ட நண்பர்கள் ஒரு தொல்லையை அறிந்திருப்பார்கள். தாளில் தெளிவாக இருக்கும் எழுத்தாளரின் முகம், கணினித் திரைக்கு வந்ததும் கட்டம் கட்டமாகக் கறை படிந்தது போலத் தோன்றும். தாளைச் சற்றே சாய்த்து வைத்து மறுபடி ஸ்கேன் செய்தால் அந்தக் கறை இடம் மாறும். சில வேளை மறைந்தும் போகும். புகைப்படத்தில் குறையில்லை, ஸ்கேனரிலும் பழுதில்லை. அச்சுப் புள்ளிகளின் வரிசையும் ஸ்கேனர் படிக்கும் வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது, இரண்டிலும் இல்லாத மூன்றாவது கோலம் ஒன்று பிறக்கிறது. கொசுவலையை இரண்டாக மடித்து விளக்கொளியில் பிடித்துப் பார்த்தவர்கள் அனைவரும் அதைக் கண்டிருப்பார்கள். அதன் பெயர் ம்வாரே.

இந்தச் சொல்லை நாங்கள் கற்றுக்கொண்டது புத்தகத்தில் அல்ல. 2011-ஆம் ஆண்டுக் கோடையில், ஆம்பூரில், ஒரு வீட்டுத் திண்ணையில். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

*

நாங்கள் மூவர். ஒருவர் தமிழாசிரியர், ஒருவர் வங்கி ஊழியர், ஒருவர் கணினித் துறையில் பிழைப்பவர். மாதம் ஒருமுறை கூடிச் சிறுகதைகளைப் பற்றிப் பேசிக் கலைந்துகொண்டிருந்த எங்களுக்கு, குறும்படம் எடுக்கும் ஆசை எப்படி வந்தது என்பதை விளக்கத் தேவையில்லை. அந்த ஆண்டுகளில் அந்த ஆசை வராதவர்கள்தாம் குறைவு. 2008 ஆகஸ்டில் நிக்கான் நிறுவனம் டி90 என்ற கேமராவை அறிவித்தது. வீடியோ எடுக்க வல்ல முதல் டிஜிட்டல் எஸ்எல்ஆர் அதுவே. அடுத்த மாதமே கேனன் 5டி மார்க் 2 அறிவிக்கப்பட்டது; அது முழு எச்டி தரத்தில், 1920-க்கு 1080 என்ற அளவில் பதிவு செய்தது. 35 மில்லிமீட்டர் புகைப்படச் சுருளின் அளவுள்ள உணரி, மாற்றத்தக்க லென்ஸ்கள், முகம் மட்டும் தெளிந்து பின்னணி கரைந்துபோகும் அழகு ஆகிய யாவும் அதுவரை திரைப்படக் கேமராவை வாடகைக்கு எடுக்க வல்லவர்களுக்கே உரியவையாக இருந்தன. 2010-இல் ‘ஹவுஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஆறாம் பருவத்து இறுதிப் பகுதி 5டி மார்க் 2 கொண்டு படமாக்கப்பட்டது. 2012-இல் பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ கேனன் 7டி கேமராவில் எடுக்கப்பட்டு வெளிவந்து, தேசிய விருதும் பெற்றது. கல்யாண ஸ்டூடியோக்காரரின் தோளில் தொங்கும் கேமராவிலேயே சினிமா எடுக்கலாம் என்ற செய்தி எங்களைப் போன்றவர்களை எவ்வளவு கிளர்த்தியிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

நிற்க. பொருள் எது என்ற கேள்வி எழுந்தபோது, எங்களில் ஒருவருக்குச் சொந்த ஊரான ஆம்பூரே முன்னால் வந்து நின்றது. அன்று வேலூர் மாவட்டம். 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். வெளியூர்க்காரர்களுக்கு அது பிரியாணி ஊர். சீரக சம்பாவும் கத்தரிக்காய்த் தொக்கும் நினைவுக்கு வந்துவிட்டால் வேறெதுவும் நினைவுக்கு வருவதில்லை. தோல் தொழிலைப் பற்றிப் பேசுபவர்களோ பாலாற்றைப் பற்றிப் பேசினார்கள். அதில் தவறில்லை. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பளித்தபோது, மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டதற்கு இப்பகுதியின் தோல் பதனிடும் கழிவுகளே காரணம். ஆனால் ஆறும் ஆலையும் படமாகிக்கொண்டிருந்த அளவுக்குத் திண்ணைகள் படமாகவில்லை என்று எங்களுக்குத் தோன்றியது.

ஆம்பூரில் ஷூவின் மேற்பகுதியை ‘அப்பர்’ என்பார்கள். அப்பர் என்றதும் திருநாவுக்கரசரை நினைத்துக்கொள்ளும் தமிழாசிரியர் முதல் நாள் சற்றே திகைத்துப்போனார். சில வகைக் காலணிகளின் அப்பரை இயந்திரத்தால் தைக்க இயலாது. முன்பகுதியில் தோலைச் சுருக்கிப் பிடித்துக் கையால்தான் தைக்க வேண்டும். வெட்டித் துளையிட்ட தோல் துண்டுகள் பையில் கட்டப்பட்டு, ஏஜென்ட்டின் வண்டியில் வீட்டு வாசலுக்கு வந்து சேரும். பெண்கள் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே திண்ணையில் அமர்ந்து தைத்துக் கொடுப்பார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த ஷூ கடல் கடந்து எந்தக் கடையின் கண்ணாடிக்குள் நிற்கிறது என்பது தைத்தவர்களுக்குத் தெரியாது. அவர்களில் ஒருவரைப் படம்பிடிப்பது என்று முடிவு செய்தோம்.

*

அந்த அம்மாளுக்கு அப்போது அறுபதை ஒட்டிய வயது. மெழுகிட்ட தடித்த நூலை இழுத்து இழுத்து ஆள்காட்டி விரல் வெட்டுப்படும் என்பதால் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி விரலில் மாட்டியிருப்பார். ஊசி ஒரு துளையில் நுழைந்து, எதிர்த் துளையில் வெளிவந்து, நூல் ‘சர்’ரென்று இழுபட்டு இறுகும். பேசிக்கொண்டே தைப்பார். குனிந்து பார்ப்பது அரிது. தைத்து முடித்த அப்பர்களைத் திண்ணையின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவைப்பார். எல்லாத் தையல்களும் ஒரே சாய்வில், ஒரே இறுக்கத்தில், அச்சில் வார்த்தது போலிருக்கும்.

இரவல் வாங்கிய எஸ்எல்ஆரில் முதல் நாள் முழுவதும் படம் எடுத்தோம். கேமராவின் பெயர் வேண்டாம். நாங்கள் சொல்லப்போகும் குணம் அன்றைய அந்த இனம் முழுமைக்கும் ஏறத்தாழப் பொதுவானது. மூன்று அங்குலத் திரையில் பார்த்தபோது எல்லாம் அருமையாக இருந்தது. எங்கள் மகிழ்ச்சியைக் கொண்டாட அன்றிரவு பிரியாணியும் உண்டோம்.

பிறகு மடிக்கணினியைத் திறந்தோம்.

அவர் கட்டியிருந்தது சிறு கட்டம் போட்ட நூல் சேலை, வெளிர் நீலம். திரையில் அந்தச் சேலையின் மேல் மஞ்சளும் ஊதாவுமாகப் பட்டை பட்டையாக நிறம் ஊர்ந்தது. அவர் மூச்சு விட்டால் அலை மேலேறியது. கை அசைந்தால் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு வானவில் சரிந்தது. பின்னால் எதிர்வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் நெளிவுகள் நடுங்கிக்கொண்டிருந்தன. தூரத்தே டேனரியின் மேல்தளம்; தோல் உலர்த்துவதற்காகக் காற்றோட்டமாக அடித்த பலகைச் சட்டங்களின் வரிசை அங்கே படிக்கட்டாக நொறுங்கித் தெரிந்தது. திண்ணையில் அடுக்கிய அப்பர்களின் தையல் வரிசையில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் மின்னின. நாங்கள் எதைக் காட்ட வந்தோமோ அதுவே தெரியாமல் போயிருந்தது.

மறுநாள் காலை அந்த அம்மாளே கேட்டார், “எடுத்ததக் காட்டுப்பா.” மறுக்க முடியவில்லை. சற்று நேரம் பார்த்தவர், “இன்னாப்பா, எம்மேல பாம்பு ஊர்ற மாதிரி கீது? என் பொடவ இந்தக் கலரே இல்லியே” என்றார். வெயில் அப்படி என்று ஏதோ சொல்லி மழுப்பினோம்.

*

காரணத்தை நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டது பின்னர்தான். 5டி மார்க் 2-இன் உணரியில் அகலவாக்கில் 5616, உயரவாக்கில் 3744 என 2 கோடியே 10 லட்சம் படப்புள்ளிகள் உள்ளன. புகைப்படம் எடுக்கும்போது அத்தனையையும் படிக்க அவகாசம் உண்டு. வீடியோவில் நொடிக்கு 25 அல்லது 30 முறை அத்தனையையும் படித்து முடிக்க அக்காலத்துச் சில்லுகளுக்கு ஆற்றல் போதாது. ஆகவே ஒரு குறுக்குவழி: ஏறத்தாழ மூன்று வரிகளில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு மற்ற இரண்டைத் தாண்டிச் செல்வது. மூன்று வரிக்கு ஒரு வரி படிக்கும் வாசகரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உரைநடையில் அவர் ஓரளவு கதையைப் பிடித்துவிடுவார். ஆனால் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் ஒன்றை, எடுத்துக்காட்டாக ஓர் எதுகை வரிசையை, அவர் முற்றிலும் தவறாகவே புரிந்துகொள்வார். இல்லாத தாளம் ஒன்று அவர் காதில் விழும்.

உணரியின் முன்னால் ஒரு மெல்லிய படிகத் தகடு இருக்கும். அது வரும் ஒளியை மயிரிழை அளவு பிரித்துப் பரப்பி, படப்புள்ளிகளால் தாங்க முடியாத நுண்மையை முன்கூட்டியே மழுக்கிவிடும். ஆனால் அந்தத் தகடு புகைப்படத்தின் நெருக்கமான புள்ளிகளைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. வரிகளைத் தாண்டும் வீடியோவுக்கு அது போதாத காவல். நிறங்கள் ஏன் வந்தன என்பதற்கும் விடை உண்டு. 1970-களில் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வகுத்த முறைப்படி ஒவ்வொரு படப்புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டுமே காணும். மற்றவை அக்கம்பக்கத்திலிருந்து ஊகிக்கப்படும். சிவப்பும் நீலமும் பச்சையைவிட அரிதாகவே அமைந்திருப்பதால், நெருக்கமான கட்டங்களின் முன் அந்த ஊகம் பிழைத்து, இல்லாத நிறம் தோன்றுகிறது.

அதன் பிறகு எங்களுக்கு ஒரு நோய் பிடித்தது. கிடைத்த கேமராக்களையெல்லாம் அதே டேனரிப் பலகைச் சட்டத்தின் முன்னும், கொடியில் காயும் கட்டம் போட்ட லுங்கியின் முன்னும் நிறுத்திப் பார்ப்பது. இரண்டு ஆண்டுகளில் நாங்கள் கண்டதும், அன்று பலரும் ஒப்புக்கொண்டதும் சுருக்கமாக இவை. டி90 முன்னோடிதான், ஆனால் அதன் 720 வரி வீடியோவில் படிக்கட்டுக் கோடுகள் அதிகம், கேமராவைத் திருப்பினால் தூண்கள் பாகுபோல் வளையும். கேனனின் 7டி, 550டி, 60டி மூன்றும் வீடியோவைப் பொறுத்தவரை உடன்பிறப்புகள். விலைதான் வேறு, லுங்கியின் மேல் ஊரும் வானவில் ஒன்றே. 5டி மார்க் 2 இவற்றைவிடச் சற்று மேல், ஆயினும் கூரைகள் அதிலும் நடுங்கும். எஸ்எல்ஆர் இனத்தில் சேராத, உள்ளே கண்ணாடியில்லாத பேனசானிக் ஜிஎச்2, 2010-இல் வந்தது. இவற்றையெல்லாம்விடச் சிறிய உணரியை வைத்துக்கொண்டு, பலகைச் சட்டத்தைப் பலகைச் சட்டமாகவே காட்டியது. 2012-இல் வந்த 5டி மார்க் 3-இன் அகலம் 5760; மூன்றால் வகுத்தால் மிகச் சரியாக 1920. அதில் ம்வாரே ஏறக்குறைய ஒழிந்திருந்தது. ஆனால் படமும் சற்று மென்மையாகிவிட்டது என்று குறைபட்டவர்கள் உண்டு. அதே ஆண்டில் நிக்கான் டி800-உடன் டி800இ என்ற இணையையும் விற்றது. நாம் மேலே சொன்ன படிகத் தகட்டின் வேலையை இல்லாமல் செய்த கேமரா அது, விலையும் அதிகம். துணியில் ம்வாரே வரக்கூடும் என்று தெரிந்தும், கூர்மைக்காக மக்கள் கூடுதலாகப் பணம் கொடுத்தார்கள்.

இன்று கண்ணாடியில்லாக் கேமராக்கள் பல, உணரியின் எல்லாப் புள்ளிகளையும் படித்து அதிலிருந்து வீடியோவைச் சுருக்கித் தருகின்றன. எங்கள் சண்டைகள் பழங்கதையாகிவிட்டன. ஆயினும் ம்வாரே முற்றாக ஒழியவில்லை. புள்ளிகளைக் கொண்டு உலகைப் பார்க்கும் எதற்கும், அந்தப் புள்ளிகளைவிட நுண்ணிய ஒழுங்கு ஒன்று எங்கேனும் இருக்கத்தான் செய்யும்.

பெயரின் வரலாறும் சுவையானது. ம்வாரே என்பது பிரெஞ்சு மொழியில் நீரலை போன்ற பளபளப்புக் கொண்ட பட்டுத் துணியைக் குறிக்கும். அதன் வேர், ஆட்டு மயிரால் நெய்த துணியைக் குறிக்கும் ‘மோஹேர்’ என்ற சொல் என்றும், அதுவும் அரபு மொழியிலிருந்து வந்தது என்றும் அகராதிகள் கூறுகின்றன. ஆட்டுத் தோலிலிருந்து மயிரைக் களைந்து வாழும் ஓர் ஊரில், ஆட்டு மயிரின் பெயர் கொண்ட குறையோடு நாங்கள் மல்லுக்கட்டியிருக்கிறோம்.

*

மீண்டும் அந்த இரண்டாம் நாளுக்கு வருவோம். காரணம் தெரியாவிட்டாலும் வைத்தியம் சிலவற்றை ஸ்டூடியோக்காரர் தொலைபேசியில் சொன்னார். ஜரிகைப் பட்டோடு நாள்தோறும் போராடுபவர் அல்லவா! கேமராவில் கூர்மை அளவைக் குறைத்துவிடுங்கள். லென்ஸின் துவாரத்தை முழுவதும் திறந்து, தெளிவை முகத்தில் மட்டும் நிறுத்துங்கள். கட்டம் போட்ட துணியை மாற்றச் சொல்லுங்கள்.

மூன்றையும் செய்தோம். கட்டமில்லாத சேலை இருக்கிறதா என்று கேட்டபோது அந்த அம்மாள் சற்று யோசித்து உள்ளே சென்று, ட்ரங்குப் பெட்டியிலிருந்து அரக்கு நிறச் சேலை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சேலை. லென்ஸைத் திறந்தோம், முகம் தெளிந்தது, கைகளும் தோலும் மென்மையாகக் கரைந்தன. பின்னணியில் கூரை இல்லாதபடி திண்ணையின் மறுமூலைக்கு அவரை நகர்த்தினோம். அது அவர் வழக்கமாக அமரும் இடமல்ல. வெளிச்சம் குறைவு என்று முணுமுணுத்தபடியே வந்து உட்கார்ந்தார்.

அன்று நாங்கள் கவனித்த ஒன்றை இங்கே பதிய வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, அப்போதுதான் வேலை பழகுபவள், தன் அப்பர்களையும் கொண்டுவந்து அருகே வைத்தாள். அவள் தையல் ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒன்று இறுக்கம், ஒன்று தளர்ச்சி. சோதனைக்காக எடுத்த தூரக் காட்சியில் அவளுடைய தையல் வரிசையில் அந்த மினுக்கம் சீராக வரவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிப்போயிற்று. அந்த அம்மாளின் தையலில்தான் தாளம் தவறாமல் மின்னியது. அலை எழ ஒழுங்கு வேண்டும். கேமரா தடுமாறியது நாற்பது ஆண்டுக் கைப்பழக்கத்தின் முன்னால் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. குறை என்றே எண்ணினோம்.

பதினொரு நிமிடப் படம் அமைந்தது. அழகான படம் என்றே அனைவரும் சொன்னார்கள். மூன்று ஊர்களில் திரையிட்டோம். அந்த அம்மாளுக்கு ஒரு டிவிடி கொடுத்தோம். முதல் நாள் எடுத்தவற்றை வன்தட்டில் இடமில்லை என்று அழித்துவிட்டோம். இடமில்லை என்பது உண்மை. அவற்றைப் பார்க்க வெட்கமாக இருந்தது என்பது அதைவிட உண்மை.

*

2019-இல் அவருடைய மகன் தொலைபேசியில் அழைத்தார். அம்மா காலமாகி ஓராண்டு நிறைகிறது என்றார். டிவிடி கீறல் விழுந்து ஓடவில்லை, வேறு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். அனுப்பிவைத்தோம். இரண்டு நாள் கழித்து மறுபடி அழைத்தார். தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

“ரொம்ப நல்லா எடுத்துக்கிறீங்க சார். அம்மா மூஞ்சி சினிமால வர்ற மாதிரி கீது. ஆனா ஒண்ணு சார். அம்மா அந்தப் பொடவைய எங்க அக்கா கல்யாணத்துக்குக் கட்னது. அதக் கட்டிக்கினு ஒரு நாளும் தைச்சதில்ல. அந்த மூலைல குந்தினதும் இல்ல. கையும் மசமசன்னு கீது. அம்மா தைக்கிறது தெளிவா தெர்ற மாதிரி வேற ஏதாச்சும் வெச்சிகிறீங்களா?”

இல்லை என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. தேடிப் பார்க்கிறோம் என்றோம். மூவர் வீட்டிலும் பழைய மெமரி கார்டுகள், குறுவட்டுகள், செத்துப்போன மடிக்கணினிகள் என ஒரு வாரம் கிளறினோம். இறுதியில், ம்வாரே என்றால் என்னவென்று கேட்டு அக்காலத்தில் ஒரு நண்பருக்கு நாங்கள் அனுப்பிய மாதிரித் துண்டு ஒன்று அவருடைய கணினியில் அகப்பட்டது. நாற்பத்தோரு நொடிகள். குறைக்குச் சான்றாக அனுப்பியதால் மட்டுமே பிழைத்துக் கிடந்தது.

அதில் அவர் தம் இடத்தில் அமர்ந்திருக்கிறார். வெளிர் நீலக் கட்டச் சேலையில் மஞ்சளும் ஊதாவும் ஏறி இறங்குகின்றன. கூரை நடுங்குகிறது. ஊசி நுழைகிறது, நூல் இழுபடுகிறது, விரலில் டியூப் வளையம் தெரிகிறது. முப்பதாம் நொடியில் யாரையோ பார்த்து, “அடுப்புல பால் கீது, பாரு” என்கிறார். கை நிற்கவில்லை.

அனுப்பினோம். நிறம் சற்றுக் கெட்டிருக்கும், அது கேமராவின் கோளாறு என்று மன்னிப்பும் கேட்டுக்கொண்டோம். மகன் அன்றிரவே அழைத்தார்.

“கலரா? கலர் இன்னா சார், எனக்கு ஒண்ணும் தெரியல. பால் பாருன்னு சொல்றது என்னத்தான் சார்.”

அதன்பின் அவர் சற்று நேரம் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை.

இப்போதும் எங்களிடம் யாரேனும் எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்பதுண்டு. எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம்: எல்லாப் புள்ளிகளையும் படிக்கிறதா என்று பாருங்கள், கடையிலேயே ஒரு கட்டம் போட்ட சட்டையைத் தூரத்தில் பிடித்துச் சோதியுங்கள் என்று. கூடவே ஒன்றும் சொல்கிறோம். முதல் நாள் எடுத்ததை அழிக்க வேண்டாம். வன்தட்டு இன்று மலிவு.